நடாலுக்குக் கிடைத்த ஒரே ஒரு கேம்

எங்க பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு ஆர்டர் கொடுத்தால், கோரையை ஆத்துத் தண்ணியில் ஊறப்போட்டு, இழை இழையாகக் கிழித்து, மாப்பிள்ளை பொண்ணு பேரைப் பாயிலேயே நெய்து தந்துவிடுவார்கள். நெய்த பேரை மாற்ற முடியாது. நல்லவேளை, சென்னை ஓப்பன் டென்னிஸ்காரர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் நெசவாளி தறியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்!

பின்னே? 1997-ல் சென்னைக்கு வந்தபோது போட்டியின் பேர் கோல்டு ஃபிளேக் ஓப்பன். ஆமாம் அண்ணாச்சி, சிகரெட்டேதான். மூச்சைப் பிடித்து ஓடுகிற ஆட்டத்துக்கு எப்பேர்ப்பட்ட ஸ்பான்சர்!

அப்புறம் டாடா ஓப்பன், சென்னை ஓப்பன், ஏர்செல் சென்னை ஓப்பன். 2018-ல் போட்டி புனேவுக்குக் குடிபோனது. ஏர்செல் அதே வருஷம் திவாலானது. புனேயில் போட்டிக்கு என்ன பேர் வைத்தார்கள் தெரியுமா? டாடா ஓப்பன் மகாராஷ்டிரா!

சாம்பியன்கள் நம்ம மேல் பிரியப்பட்டு வந்ததாக நினைத்துவிடாதீர்கள். ஜனவரி முதல் வாரம் இங்கே வார்ம்-அப், மெயின் பிக்சர் மெல்போர்னில். வாவ்ரிங்கா 2014-ல் நுங்கம்பாக்கத்தில் கோப்பையைத் தூக்கினார். அதே மாதம் ஆஸ்திரேலியன் ஓப்பனையும் தூக்கினார். அது நம்ம ஊர்த் தண்ணியின் மகிமை என்று சென்னைவாசி சொல்லிக்கொண்டால் யார் தடுக்க முடியும்? மனுஷன் மொத்தம் நாலு தடவை இங்கே ஜெயித்தார். மகிமை வேலை செய்யாத வருஷங்களைப் பற்றி யாரும் மூச்சுவிடுவதில்லை.

ஆனால் 2008-க்கு ஈடு கிடையாது. செமிஃபைனலில் நடாலும் கார்லோஸ் மோயாவும். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் மயோர்க்கா தீவு. மோயா, நடாலுக்கு அண்ணன் மாதிரி. ஒரே ஊர்க்காரர்கள், வார்ம்-அப் போட்டி வேறு; சட்டுபுட்டென்று முடித்துவிட்டுப் படுக்கப் போயிருக்கலாம் இல்லையா? மாட்டார்களே! மூன்று செட், மூன்றும் டை-பிரேக், கிட்டத்தட்ட நாலு மணி நேரம். நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், விட்டுக்கொடுக்கத் தெரியாத தம்பி ஜெயித்தார்.

ஜெயித்து என்ன பிரயோஜனம்? மறுநாள் ஃபைனலுக்கு நடாலின் பேர் வந்தது, கால் வரவில்லை. எதிரே ரஷ்யாவின் மிகயில் யூஷ்னி. ஸ்கோர் 6-0, 6-1. அதற்குள் மூன்று ஃபிரெஞ்சு ஓப்பன் ஜெயித்த மகாராஜா, மொத்த ஃபைனலிலும் எடுத்தது ஒரே ஒரு கேம். அது யூஷ்னி பாவம் பார்த்துக் கொடுத்ததா என்பது அவர் மனசாட்சிக்கு வெளிச்சம்.

யூஷ்னி தங்கமான மனுஷன். நான் ஜெயிக்கவில்லை, ஓட முடியாமல் நடால்தான் தோற்றார் என்று வாய்விட்டே ஒப்புக்கொண்டார். ஜெயித்தால் மட்டையைத் தொப்பி மாதிரித் தலைமேல் வைத்து சல்யூட் அடிப்பது அவர் வழக்கம். சில மாதம் கழித்து மியாமியில் ஒரு பாயிண்ட் போன கோபத்தில், அதே மட்டையால் அதே தலையில் படார் படாரென்று அடித்துக்கொண்டார்; ரத்தம் வழிந்தது. விசேஷம் என்னவென்றால், அந்த மேட்சையும் ஜெயித்தார்!

சரி, அந்த அண்ணன் மோயா? நடாலை ராத்திரி முழுக்க ஓடவிட்டு, ஃபைனலைக் கெடுத்த புண்ணியவான். 2016 டிசம்பரில் நடால் ஒரு புது கோச்சை அமர்த்தினார். அவரேதான்.