ஜேசன் தம்பி

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இப்போது ஆங்காங்கே ஒரு ஜேசன் தம்பி தென்படுகிறார். கொரோனா காலத்தில் லேப்டாப்போடு ஊர் திரும்பியவர், மாடி அறைக்கு ஏசி போட்டு அப்படியே தங்கிவிட்டார். வேலை? ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் விவரங்களை ஜேசன் (JSON) என்ற வடிவில் வரிசை எழுத்தாக்கி இன்னொரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப வேண்டும். அங்கிருந்து வருவதைப் பிரித்து அடுக்க வேண்டும். அதையும் செய்வது பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியின் லைப்ரரிதான். தம்பி நடுவில் உட்கார்ந்து கோபப்படுவார்.

"ஜேசன் வரலையா? வந்தும் உடைஞ்சிருக்கா?" என்று நாள் முழுக்க போனில் கத்துவார்.

"யாருப்பா அந்தப் புள்ள, தெனம் எதையாவது உடைச்சிக்கிது? வில்லியனூர் மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தட்டுமா?" என்று ஆயா கேட்பார்.

அமெரிக்கரான டக்ளஸ் கிராக்ஃபோர்டு வகுத்த ஜேசனில் கடைசி விவரத்துக்குப் பின்னால் கமா வரக்கூடாது. ஓரக்குறிப்பு எழுதக்கூடாது. தேதிக்கென்று தனி வகையே கிடையாது. இத்தனை கறாரில் ஊறியவர் வீட்டில் எப்படிப் பிழைப்பார்?

"அத்தை எப்பம்மா வந்தாங்க?"

"ஏரி ரொம்பி வழிஞ்சிச்சே, அந்த வருசம், உங்க மாமாகூட சைக்கிள்ல, ஐயோ, அந்த சைக்கிளு..."

"தேதியச் சொல்லும்மா!"

ஊர்ப்பெயரும் அவருக்குப் பகை. 'வில்லியனூர்' என்று தமிழில் கொடுத்தால், லைப்ரரி 'சாய்கோடு, யு, பூஜ்யம், பி, பி, ஐந்து' என்று ஆரம்பித்துத் துப்பும். அதை நிறுத்த ஓரிடத்தில் 'ஃபால்ஸ்' என்று போட்டால் போதும். எந்த இடம் என்று தெரிந்திருப்பதற்குத்தான் சம்பளம் என்பது என் துணிபு.

பின்கோடு இன்னொரு கூத்து. வில்லியனூருக்கு 605110, பாகூருக்கோ 607402. புதுச்சேரி என்றால் 605தான் என்று எவரோ நிரலில் எழுதிவைத்த சோதனை, பாகூர்த் தம்பியின் சொந்த முகவரியையே திருப்பியனுப்பிவிடும்.

நிருபதுங்க பல்லவனின் பாகூர்ச் செப்பேட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் உருகிவிடுவார். 9ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விக்கூடத்துக்கு மூன்று ஊர்களைத் தானம் கொடுத்த செய்தி, வடமொழியிலும் தமிழிலும். "ஒரே டேட்டா, ரெண்டு ஃபார்மட்!" என்று கண் கலங்குவார்.

போன மாதம் தரகர் ஜாதகம் கொண்டுவந்தார். 12 கட்டம், எதுவும் கோடு தாண்டவில்லை. தம்பிக்குப் பெண்ணைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

"மாப்ள என்ன வேலைன்னு பொண்ணு வூட்ல கேக்குறாங்க, தம்பி."

அரைமணி நேரம் விளக்கினார். தரகர் பொறுமையாகக் கேட்டு, 'கம்ப்யூட்டர், பாகூர்,' என்று நோட்டில் எழுதினார்.

"அந்தக் கடைசிக் கமாவ மட்டும் அடிச்சிடுங்க, ஐயா."