பந்திப் பரிமாறலில் துறைவாரி இலக்கு ஒருங்கிணைவு: ஒரு முன்னோட்ட ஆய்வு

ஒரு நிறுவனத்தின் பிரிவுகள் எல்லாம் ஒரே இலக்கை நோக்கி உழைக்க வேண்டும் என்று பீட்டர் டிரக்கர் 1954-லேயே எழுதிவிட்டார். 1992-ல் கப்லனும் நார்ட்டனும் அதற்கு மதிப்பெண் அட்டையே போட்டுத் தந்தார்கள். ஆயினும் இம்மூவரும் முகூர்த்த நாளில் மூன்றாம் பந்திக்கு நின்றதாகச் சான்று இல்லை. ஆய்வு இடைவெளி அங்கேதான் உள்ளது. (முன்னாய்வுகளைச் சுட்டியாயிற்று. படித்திருக்க வேண்டும் என்று நெறியாளர் சொல்லவில்லை.)

பந்தியின் பிரிவுகள் ஏழு என்ப. மோரைத் தனியே எண்ணி எட்டு என்பாரும் உளர். தண்ணீர்ப் பிரிவு பாட்டில் வந்தபின் ஆய்வுக்குரியதன்று. ஊறுகாய், சிறுவர் வசம்.

சாம்பார், ரசப் பிரிவுகளோ விரிவாக நோக்கத்தக்கன. முன்னதன் இலக்கு வாளியைக் காலி செய்வது. பின்னதன் இலக்கு வரிசையைக் காலி செய்வது. இரண்டு இலக்கும் பழுதின்றி நிறைவேறுகின்றன. பாதி சாம்பார்ச் சோற்றின்மேல் ரசம் விழுகிறது. இவ்விரு வாளிகளுக்கும் இடைப்பட்ட காலத்தை 'சாம்பார்-ரச இடைவேளை' (இனி சா.ர.இ.) என்க.

சா.ர.இ. உண்பவரின் வேகத்தைப் பொறுத்தது என்பது ஒரு கட்சி (சுவரோரப் பெரியவர், வாய்மொழி, மறுசோறு கேட்கையில்). அன்று, அவர் நாற்காலியைப் பிடித்து நிற்பவரின் பொறுமையைப் பொறுத்தது என்பது மறுகட்சி (மேற்படி நிற்பவர், முறைப்பு, எழுத்து வடிவம் பெறாதது). மூன்று மணிக்குள் மண்டபத்தை ஒழிக்க வேண்டும் என்பதே மூலக்காரணம் என்பது இன்னொரு கட்சி (மண்டப மேலாளர், சமையற்கட்டு வாசல் உரை, பெண்வீட்டார் பதிப்பு, மாப்பிள்ளை வீட்டார் பதிப்பில் இவ்வரி இல்லை). இவ்வரி இடைச்செருகலே என நிறுவிய அறிஞர் இருவரும் இரண்டு பதிப்பையும் கண்டவரல்லர். ஆதலால் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

பாயசம் நாஞ்சில் நாட்டில் ரசத்துக்கு முன், தஞ்சைப் பக்கம் பின். பெண் நாகர்கோவில், மாப்பிள்ளை கும்பகோணம் என்றால் அது இரு நிறுவனங்களின் இணைப்பு. பாயச வாளி நடுவரிசையில் நின்றுவிடும்.

இவற்றையெல்லாம் ஒருங்கிணைக்கவே தோளில் துண்டோடு ஒரு பெரியப்பா நியமிக்கப்படுகிறார். களஆய்வின்போது அவர், "சம்பந்தி இலையைக் கவனிங்கப்பா!" என்று ஒரு குரல் கொடுத்தார். ஏழு பிரிவுகளும் ஒரே நொடியில் ஒரே இலையை வந்தடைந்தன. இலை எடுக்கும் பிரிவு முதலில் வந்திருந்தது.