கிளிப்பச்சை கேட்டால் பாசிப்பச்சையா?

கே: மகள் கல்யாணப் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் திரையில் பளிச்சென்று கிளிப்பச்சை பார்த்து ஓகே சொன்னோம். அச்சாகி வந்ததோ பாசி பிடித்த பச்சை. அச்சகத்தார் மையை மிச்சம் பிடித்துவிட்டார்களா?
– ஒரு வாசகி, விருதுநகர்

ப: பாவம், அவர்களை விட்டுவிடுங்கள்! திரை தானே ஒளி வீசுகிற பிரகிருதி. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் 256 படிகள். கலந்தால் 1,67,77,216 நிறங்கள். காகிதத்துக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. அதன்மேல் விழும் ஒளியில் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மைகள் விழுங்கியது போக மிஞ்சுவதுதான் நிறம். அதில் திரைப் பச்சையின் பளபளப்பு சத்தியமாக வராது.

திரையின் எண்கள் நேரே மையாக மாறுவதில்லை. கண் காண்கிற நிறத்தையே அளவாக வைத்து 1976-இல் வகுத்த ‘லேப்’ என்ற கணக்குக்குள் போய், அங்கிருந்து மை விகிதமாக வெளியே வரும். மைக்கு எட்டாத நிறமென்றால், சாஃப்ட்வேர் கல்யாணத் தரகர் மாதிரி, ‘கிட்டத்தட்ட இதுதாங்க’ என்று பக்கத்தில் இருப்பதைத் தலையில் கட்டிவிடும்.

அந்தப் பச்சையேதான் வேண்டுமென்றால், தனியாகக் கலந்த ‘ஸ்பாட் கலர்’ மை கேளுங்கள், செலவு கூடும். எதற்கும் மொத்தமாக அடிக்கும் முன் காகிதத்தில் ஒரு புரூஃப் வாங்கிப் பார்த்துவிடுங்கள்.