இராமபாணம் தின்ற பக்கத்துக்கு எத்தனை பைட்?

ஒரு பெரிய நூலகத்தை மின்வடிவாக்க எவ்வளவு சேமிப்பிடம் வேண்டும் என்பது குறித்து இரண்டு கொள்கைகள் உள்ளன. நூலகம் என்பது எழுத்துகளின் தொகுதி என்பது எழுத்துவாதம். எழுத்தைத் தாங்கிய தாள்களின் தொகுதி என்பது தாள்வாதம். இரண்டையும் உரைத்துப் பார்க்க, 2010 செப்டம்பர் 15 அன்று சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. 12 லட்சம் நூல்களைக் கொள்ளுமாறு கட்டப்பட்டது அது. அடுக்குகள் நிரம்பிவிட்டன, எல்லாம் தமிழ் நூல்கள், ஒவ்வொன்றும் 300 பக்கம் என்று கொள்ளப்படுகிறது. மூன்றும் உண்மையல்ல, பெருக்குவதற்கு வசதியானவை.

1. எழுத்துவாதம்

பக்கத்துக்கு 30 வரி, வரிக்கு 7 சொல். ஆக 210 சொல். ஒருங்குறியின் யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'க' என்பதற்கு 3 பைட், 'கு' என்பதற்கு 6. 'ஸ்ரீ' மங்கலச் சொல்லாயினும் சலுகையின்றி 12. சொல்லுக்கு எட்டுக் குறியீடும் ஓர் இடைவெளியும் என வைத்தால் 25 பைட், பக்கத்துக்கு 5,250. நூலகம் முழுவதும் 1.89 டெராபைட். சட்டைப் பையில் அடங்கும் 2 டெராபைட் வன்தட்டு ஒன்று போதும்.

இக்கணக்கில் புள்ளியின் பங்கு தனியே ஆராயத்தக்கது. இலக்கணப்படி 'க' ஒரு மாத்திரை, 'க்' அரை மாத்திரை. ஒருங்குறியிலோ 'க' 3 பைட், 'க்' 6. ஒலி பாதியாகும்போது இடம் இரட்டிக்கிறது. சொல்லுக்கு ஒரு புள்ளி என்றே சிக்கனமாகக் கொண்டாலும், நூலகத்தின் புள்ளிகள் மட்டும் 227 ஜிகாபைட். ஓலையில் எழுதியோர் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ஓலை கிழியும் என்ற அச்சமே காரணம் என்பர். சேமிப்பிடச் சிக்கனம் என்ற கோணம் இதுவரை கவனம் பெறவில்லை.

2. தாள்வாதம்

6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள பக்கத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் வருடி, சுருக்காமல் வைத்தால் 1.458 கோடி பைட். நூலுக்கு 4.37 ஜிகாபைட், நூலகத்துக்கு 5,249 டெராபைட். 20 டெராபைட் வன்தட்டுகள் 263 வேண்டும். எழுத்துவாதத்தைப் போல் இது ஏறத்தாழ 2,777 மடங்கு. அச்சே இல்லாத வெற்றுப் பக்கமும் இதில் முழு விலை பெறுகிறது.

இரு கொள்கைகளும் நேருக்கு நேர் மோதும் இடம் இராமபாணப் பூச்சி துளைத்த பக்கம். எழுத்துவாதப்படி பூச்சி தின்ற எழுத்து சேமிப்பிடத்தைக் குறைக்கிறது. பூச்சி ஒரு சுருக்கக் கருவி. தாள்வாதப்படி ஓட்டையையும் முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும். ஒரு சதுர சென்டிமீட்டர் ஓட்டைக்கு ஏறத்தாழ 41,850 பைட். இது எட்டுப் பக்க எழுத்துக்குச் சமம். எழுத்தாளர் ஒருவர் எட்டுப் பக்கம் எழுதி அடையும் இடத்தைப் பூச்சி ஒரு கட்டைவிரல் நக அளவு தின்று அடைந்துவிடுகிறது.

3. விலக்குகள்

அந்நூலகத்தில் வாசகர் தம் நூல்களைக் கொண்டுவந்து படிக்கத் தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிப்போரின் கையேடுகள் காலையில் உள்ளே வந்து மாலையில் வெளியேறுவன. அவற்றைச் சேர்த்தால் நூலகத்தின் அளவு கடல்போல் ஏறி வற்றும். எனவே கணக்கெடுப்பைக் கதவு சாத்திய பின் நடத்துவதே முறை.

4. முடிவு

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் கடைசி விதிப்படி நூலகம் வளரும் உயிரி. ஆகவே விடை எழுத்துவாதிக்கு 1.89 டெராபைட்டும் ஒரு வன்தட்டும். தாள்வாதிக்கு 5,249 டெராபைட்டும் 263 வன்தட்டுகளும். ரங்கநாதனுக்கு இரண்டிலும் இன்னும் ஒன்று.