கப்பன் பார்க்கில் இறங்குங்க!

? ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஷாப்பிங் மாலைத் தவிர வேறு போக்கிடம் தெரியவில்லை. வைட்ஃபீல்டில் பார்க்க வேறு என்ன இருக்கிறது?
*- காடுகோடி வாசகர்*

மெட்ரோ ஸ்டேஷன். உள்ளே போய் ரயில் ஏறிவிடுங்கள். 2023 அக்டோபரிலிருந்து பர்ப்பிள் லைன் இடையில் அறுபடாமல் ஓடுகிறது. கப்பன் பார்க்கில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கஸ்தூர்பா சாலை. அரசு அருங்காட்சியகம், வெங்கடப்பா ஓவியக்கூடம், விஸ்வேஸ்வரய்யா மியூசியம், 2023இல் திறந்த 'மேப்' என்கிற கலை, புகைப்பட மியூசியம் எல்லாம் அந்த ஒரே சாலையில். திங்கட்கிழமை மட்டும் லீவு போடாதீர்கள். 'மேப்'புக்கும் அன்றுதான் லீவு.

? பாரிஸில் லூவரையே பார்த்தவன் நான். இந்த ஊர் மியூசியமெல்லாம் எடுபடுமா?
*- ஐ.டி.பி.எல். வாசகர்*

லூவரில் மோனாலிசாவைப் பார்த்தீர்களா, முன்னால் நின்றவர் தூக்கிப் பிடித்த செல்போனில் மோனாலிசாவைப் பார்த்தீர்களா?

? கர்நாடகத்து மியூசியத்தில் தமிழனுக்கு என்ன இருக்கப்போகிறது?
*- வர்த்தூர் வாசகர்*

ஒரு தோல்வி இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்குத் தக்கோலம் தெரிந்திருக்கும். அரக்கோணம் பக்கம். 949இல் அங்கே நடந்த போரில் சோழன் முதல் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் யானை மேலேயே உயிர்விட்டான். கொன்றவன் கங்க மன்னன் இரண்டாம் பூதுகன். எதிரணியில் நின்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் அக்காள் கணவன். இந்தச் சேதியைச் சொல்லும் ஆதகூர் கல்வெட்டு மண்டியா பக்கத்திலிருந்து வந்து, அரசு அருங்காட்சியகத்தில் சேர்ந்திருக்கிறது.

ஆனால் அந்தக் கல் நட்டது பூதுகனுக்காக அல்ல. அவனிடம் மணலேரன் என்று ஒரு வீரன். போரில் அவன் காட்டிய தீரத்தைப் பார்த்து, "என்ன வேண்டும், கேள்" என்றான் ராஜா. நம்ம ஆளாக இருந்தால் வைட்ஃபீல்டில் இரண்டு கிரவுண்டு கேட்டிருப்பான். மணலேரன் கேட்டது, ராஜா வளர்த்த காளி என்கிற வேட்டை நாயை! பிறகு ஒருநாள் அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டுமே செத்துப்போயின. அந்த நாய்க்குத்தான் கல். நாயும் பன்றியும் சண்டையிடுவதை மேலே செதுக்கி, கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் விட்டார்கள். பூசை பண்ணாமல் பூசாரி சாப்பாட்டில் கை வைத்தால் பாவம் என்று எச்சரிக்கை வேறு. சோழ இளவரசன் செத்த சேதி, ஒரு நாயின் நினைவுக்கல்லில் வரும் முன்கதை! சரித்திரத்துக்கு நம்மைவிடக் குசும்பு அதிகம்.

அரசு அருங்காட்சியகம் பழைய கட்டடம். திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

? மாடர்ன் ஆர்ட் எனக்குச் சுத்தமாகப் புரிவதில்லையே?
*- ஹோப் ஃபார்ம் வாசகி*

உங்கள் அபார்ட்மென்ட் மெயின்டெனன்ஸ் பில் புரிகிறதா? அதற்குப் பணமே கட்டுகிறீர்கள். பேலஸ் ரோட்டில் தேசிய நவீனக் கலைக்கூடம் 2009இலிருந்து இருக்கிறது. படம் பிடிக்காவிட்டால் பங்களாவைப் பாருங்கள், மரங்களைப் பாருங்கள். அதன் பெயரே மாணிக்கவேலு மாளிகை. சுரங்கத் தொழிலில் சம்பாதித்த மாணிக்கவேலு முதலியார் வாழ்ந்த வீடு. கடன் வந்தது, வீடு ஏலத்துக்குப் போனது, கை மாறிக் கை மாறிக் கடைசியில் சுவரெல்லாம் ஓவியம். இந்தக் கதை எல்லோருக்கும் புரியும்.

? பிள்ளைகளை மியூசியத்துக்குக் கூட்டிப்போனால் பத்தே நிமிஷத்தில் "போலாம்ப்பா" என்கிறார்கள்...
*- புரூக்ஃபீல்ட் வாசகர்*

புதுப் பிரச்னை இல்லை. எழும்பூர் மியூசியம் 1851இல் தொடங்கியபோது அதைக் கவனித்துக்கொண்ட எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டருக்கும் இதே கவலை. ஜனங்களை இழுக்க உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தார். கூட்டம் பிய்த்துக்கொண்டு வந்தது. சென்னையின் மிருகக்காட்சிசாலையே அப்படிப் பிறந்ததுதான். அதே பால்ஃபர்தான் 1865இல் பெங்களூர் அருங்காட்சியகத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டவர்.

இப்போது புலிக்கு வழியில்லை. ஆனால் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப மியூசியம் இருக்கிறது. ஓவியக்கூடத்தில் "தொடாதே" என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பிள்ளைக்கு, அங்கே அமுக்கப் பட்டன்கள் கிடைக்கும். முதலில் ஓவியம், அப்புறம் பட்டன். வரிசையை மாற்றினால் ஓவியத்தை மறந்துவிடுங்கள்.

? ஒரே நாளில் கஸ்தூர்பா சாலை மியூசியங்கள் நான்கையும் பார்த்துவிட முடியுமா?
*- குந்தலஹள்ளி வாசகி*

முடியும். கால் வலி மட்டும் ஞாபகம் இருக்கும். ஒன்றரை மியூசியம் போதும். நடுவில் கப்பன் பார்க்கில் உட்கார்ந்து காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

? என் மனைவி ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படிக்கிறாள். நான் என்ன செய்வது?
*- வைட்ஃபீல்ட் கணவர்*

காவலர் உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில் பெஞ்சு இருக்கும். அங்கே ஏற்கெனவே நாலு கணவர்கள் இருப்பார்கள், தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.