திருக்கையா, கவுதாரியா?

கேள்வி: நன்னீர்த் திருக்கைக்கும் கவுதாரிக்கும் ஏதாவது ஒற்றுமை உண்டா?
– வாசகர், தாராபுரம்

பதில்: உண்டு. இரண்டுமே தரையோடு தரையாகக் கிடந்து ஆளை ஏமாற்றும் ஜாதி! திருக்கை ஆற்று மணலைப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் வெளியே வைத்துப் படுத்திருக்கும். கவுதாரி காய்ந்த புல் நிறத்தில் புதரடியில் பதுங்கும். மிதிக்கப் போனால்தான் வித்தியாசம் புரியும். கவுதாரி படபடவென்று எழும்பிக் கொஞ்ச தூரத்தில் இறங்கி ஓடிவிடும். நமக்கு நெஞ்சு திக்கென்றதோடு சரி. திருக்கையோ வாலிலுள்ள நச்சு முள்ளைக் காலில் ஏற்றிவிடும். அதனால்தான் அமேசான் பக்கம் ஆற்றில் இறங்குபவர்கள் பாதத்தைத் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார்கள். (நம் பழைய பஸ் ஸ்டாண்டு செருப்பு நடைதான்!)

முட்டையிடுவது கவுதாரி; குட்டி போடுவது திருக்கை. எடையில் போட்டியே இல்லை. கவுதாரி கால் கிலோ, மிஞ்சினால் இன்னும் கொஞ்சம். 2022 ஜூனில் கம்போடியாவின் மீகாங் ஆற்றில் சிக்கிய திருக்கை 300 கிலோ! அதையும் எடை பார்த்து, கருவி பொருத்தி, ஆற்றிலேயே விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் கவுதாரி வறுவல் பற்றிக் கேட்டுவிடாதீர்கள். அதை வேட்டையாடுவது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.