கற்கண்டு கேஸும் ஃபோர் ட்வென்டியும்

அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் ஐந்து நிமிஷம் காதைக் கொடுத்து நில்லுங்கள். அங்கே யாருமே திருடுவதில்லை. ஆட்டையப் போடுகிறார்கள், சுடுகிறார்கள், லவட்டுகிறார்கள், அபேஸ் பண்ணுகிறார்கள். ஏமாற்றுவதும் கிடையாது; அல்வா கொடுக்கிறார்கள், நாமம் போடுகிறார்கள். லஞ்சமா? சேச்சே, மாமூல். அரபியிலிருந்து வந்த சொல். 'வழக்கமானது' என்று பொருள். எவ்வளவு நேர்மையான சொல் பாருங்கள்!

ஆனால் அதையே நமக்குப் பிடிக்காத ஆள் செய்துவிட்டால், நம் நாக்கு உடனே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொள்ளும். 'அவன் ஒரு ஃபோர் ட்வென்டி சார்!' இந்த நம்பர் வந்தது இந்தியத் தண்டனைச் சட்டத்திலிருந்து. அதன் வரைவுக்குத் தலைமை தாங்கியவர் மெக்காலே. ஆமாம், 'நம்மையெல்லாம் கிளார்க் ஆக்கியவர்' என்று மேடைக்கு மேடை திட்டு வாங்குகிறாரே, அவரேதான்.

1834 ஜூனில் சென்னையில் கப்பலை விட்டு இறங்கினார். வயது 33, கல்யாணம் ஆகவில்லை. கவர்னர் ஜெனரல் பென்டிங்க் ஊட்டியில் இருந்தார், அங்கே வரச் சொல்லியிருந்தார். ஆற்காடு, பெங்களூர், மைசூர் என்று ஏறக்குறைய 400 மைல், மனிதர் தோள்மேல் பயணம். ஆற்காட்டுக்குப் போகிற சாலை என்றால் பூந்தமல்லியைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். இந்தியாவின் குற்றங்களுக்கெல்லாம் பெயர் வைக்கப்போகிறவர் நம்ம ஏரியா வழியாகப் பல்லக்கில் ஆடிக்கொண்டே போயிருக்கிறார், டோல்கூடக் கட்டாமல்!

ஊட்டியில்தான் கதை. கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் அவர் பங்களாவை ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவருடைய வேலைக்காரருக்கும் பென்டிங்கின் உதவிச் சமையல்காரர் மனைவிக்கும் தொடர்பு என்று புகார். ஆதாரம்? அந்த அம்மா வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்த ஒரு துண்டு கற்கண்டு. அது மெக்காலே வீட்டு டப்பாவிலிருந்து போனதாம். தடயவியல் துறை இல்லாத குறையே தெரியவில்லை!

வருங்காலச் சட்ட மேதை என்ன செய்தார்? நீதி, நியாயம் என்று பேசினாரா? ம்ஹூம். 'காசு நான் தருகிறேன், இதோடு முடித்துக்கொள்ளுங்கள்' என்றார். பின்னே, காலையில் கிளம்பணும். வேலைக்காரன் உள்ளே போய்விட்டால் துரையின் மூட்டை முடிச்சை யார் பார்ப்பது? நம்ம பக்கத்தில் இதற்கு செட்டில்மென்ட் என்று பெயர்.

கூட்டம் மசியவில்லை. துரை ராணுவ கமாண்டன்டுக்கு ஒரு சீட்டு எழுதினார்: 'இன்றைக்கு ராத்திரியே விசாரிக்க வேண்டும்.' விசாரித்தார்கள், விடிய விடிய. வாய்தாவுக்கு நடந்தே செருப்புத் தேய்ந்தவர்கள் இங்கே ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். தீர்ப்பு: குற்றவாளி அல்ல. ஆஹா, என்ன வேகம், என்ன நீதி என்று கையைத் தட்டாதீர்கள். நீதிபதி 20 ரூபாய் வாங்கியிருந்தார்.

மெக்காலேவுக்கே அது சில நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். கடிதத்தில் அவரே ஜாலியாக எழுதியிருக்கிறார். இது ஒதெல்லோ நாடகமாம். கைக்குட்டைக்குப் பதில் கற்கண்டாம். அடுத்தவன் வீட்டில் நடந்தால் குற்றம், நம்ம வீட்டில் நடந்தால் நாடகம். துரையும் நம்ம டீக்கடை ஆள்தான்!

இதே மனிதர் கல்கத்தா போய் 1837இல் வரைவை முடித்துக் கொடுத்தார். கள்ளத்தொடர்பைக் குற்றமாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டார். பின்னால் வந்தவர்கள்தான் அதை 497ஆவது பிரிவாக நுழைத்தார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது. கற்கண்டு கேஸ் முடிய 184 வருஷம்!

அந்தச் சட்டத்தில் திருட்டுக்கு ஒரு உதாரணம் உண்டு. பையில் தீனி வைத்துக்கொண்டு, அபகரிக்கும் எண்ணத்தோடு அடுத்தவன் நாயை ஆசைகாட்டுகிறான் ஒருவன். நாய் அவன் பின்னால் நடக்க ஆரம்பித்ததுமே திருட்டு முடிந்துவிட்டது. ஆவடியில் தெருநாய்க்குப் பொறை போடும் தாத்தாக்கள் பயப்பட வேண்டாம்; அந்த நாய்தான் ஏற்கெனவே தாத்தாவை ஆட்டையப் போட்டுவிட்டதே.

சட்டம் 1860இல் நிறைவேறி 1862இல் நடைமுறைக்கு வந்தது. மெக்காலே 1859 டிசம்பரிலேயே போய்ச்சேர்ந்துவிட்டார். மொத்தம் 511 பிரிவு. ஜனங்கள் அதில் 302, 307, 420 என்று மூன்று நான்கை மட்டும் பொறுக்கிக்கொண்டு மீதியை வக்கீல்களுக்கு விட்டுவிட்டார்கள்.

1982இல் தமிழ்நாடு போட்ட தடுப்புக் காவல் சட்டத்துக்கும் அதே கதிதான். கள்ளச்சாராயக்காரர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்று ரயில் பெட்டி மாதிரி நீளும் அதன் பெயர். பிறகு திருட்டு விசிடிக்காரரையும் மணல் கொள்ளையரையும் வேறு ஏற்றினார்கள். ஜனங்கள் எல்லாப் பெட்டியையும் கழற்றிவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்கள்: குண்டாஸ்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா. 420இல் இருந்த ஏமாற்றுதல் இப்போது 318. 'அவன் ஒரு முந்நூத்திப் பதினெட்டு' என்று சொல்லிப் பாருங்கள். திட்டு மாதிரியா இருக்கிறது? பஸ் நம்பர் மாதிரி இருக்கிறது. புதுச் சட்டத்தில் மொத்தமே 358 பிரிவுதான், 420 என்று ஒன்றே கிடையாது.

ஆனாலும் நீங்கள் ஃபோர் ட்வென்டி என்றுதான் திட்டுவீர்கள், எனக்குத் தெரியும். தாராளமாகத் திட்டுங்கள். அதற்குமுன் உங்கள் வீட்டுக் கற்கண்டு டப்பாவை மட்டும் ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.